புதுப்பிப்பு: தென்னையில் இடித்த காரின் பின் பம்பர், வெந்நீரிலேயே சரியாகிவிட்டது

தோப்பு வீட்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது தென்னையில் இடித்து, பின் பம்பரின் மூலை உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போய்விட்டது, டிங்கரிங் கடைக்குப் போகாமல் எடுக்க முடியுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றிங்க.

ஹேர் டிரையரைக் கால் மணி நேரம் பிடித்தும் ஒன்றும் அசையவில்லை. வேலை செய்தது வெந்நீர் யோசனைதான். கொதித்த தண்ணீரைப் பள்ளத்தின் மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, தடித்த கையுறையோடு பம்பருக்குப் பின்னால் கையை விட்டு அழுத்தினேன், டொப்பென்று வெளியே வந்தது, உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றியதும் அப்படியே நின்றுவிட்டது. பம்பர் பிளாஸ்டிக் என்பதால்தான் இது நடக்கும். பக்கத்துத் தகரத்தில் இருந்த நெளிசல் வெந்நீருக்கு மசியவே இல்லை, அதை விட்டுவிட்டேன்.

எதிர்பாராதது பெயின்ட்தான். கீறலை 800 நம்பர் வாட்டர் பேப்பரில் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர், கதவோரத் தூணில் ஒட்டியிருந்த பெயின்ட் கோடு நம்பருக்கு ஏற்ற நிறம் எல்லாம் ஒழுங்காக அடித்தேன். ஆனால் பொள்ளாச்சியில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தெரிந்தும் வாசலில் வைத்து கிளியர் கோட் (நிறத்துக்கு மேல் அடிக்கும் நிறமில்லாத பூச்சு) அடித்தது என் புத்தி! மொத்தப் புழுதியும் அதில் ஒட்டிக்கொண்டது. இரண்டு நாள் காயவிட்டு 2000 நம்பர் பேப்பரில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டு என்ற மெருகேற்றும் பசை போட்ட பிறகுதான் வழவழப்பானது. அப்புறம், பழைய பெயின்ட் வெயிலில் வெளுத்திருந்ததால் புது நிறம் ஒரு மாற்று அடர்த்தியாகத்தான் தெரிகிறது.