எண்ட் டைடல் 24, ரத்தத்தில் 43: எதை நம்புவது?

ஸ்டாஃப் நர்ஸ், மன்னார்குடி பக்கம்

வணக்கம். ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் இரவுப் பணியில் இருக்கிறேன். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, காவலுக்குப் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்த பெரியவர் ஒருவரைக் கட்டுவிரியன் கடித்துவிட்டது. முந்தாநாள் விடியற்காலை கொண்டுவந்தார்கள். இமை தூக்க முடியவில்லை, மூச்சும் தளர்ந்துவிட்டது. விஷமுறிவு மருந்து கொடுத்து, டியூப் போட்டு, வெண்டிலேட்டரில் வைத்திருக்கிறோம்.

நேற்று வரை எண்ட் டைடல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது வெளிவிடும் மூச்சின் கடைசியில் அளக்கும் அளவு, 37, 38 என்று நின்றது. இன்று இரவு 11 மணியிலிருந்து 24. செட்டிங் எதையும் தொடவில்லை. பிபி 126/80, நாடி 88, ஆக்சிஜன் 98. ஏபிஜி (தமனி ரத்தத்தில் வாயுக்களைப் பார்க்கும் சோதனை) எடுத்தால் கார்பன் டை ஆக்சைடு 43 வருகிறது.

திரையில் வரும் கார்பன் டை ஆக்சைடு அலையும் மாறிவிட்டது. முன்பு பெட்டி போல நேராக ஏறி, மேலே தட்டையாக ஓடி, நேராக இறங்கும். இப்போது தாழ்ந்த மேடு ஒன்று நீளமாக ஓடுகிறது. அதன் கடைசியில் குச்சி நட்டது போல ஒரு முனை. சைடுஸ்ட்ரீம் மெஷின், அதாவது டியூபிலிருந்து ஒரு மெல்லிய லைன் வழியாக மூச்சில் கொஞ்சம் உறிஞ்சி அளப்பது. டியூட்டி டாக்டரிடம் சொல்லிவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார். அதற்குள் நான் எதைப் பார்க்க வேண்டும்?

மயக்கவியல் மருத்துவர், தஞ்சாவூர்

சிஸ்டர், முதலில் ஆளைப் பாருங்கள், அப்புறம் மெஷின். நெஞ்சு இரண்டு பக்கமும் சமமாக ஏறுகிறதா? டியூப் போட்ட அளவிலேயே நிற்கிறதா? அலை மொத்தமாகப் படுத்துக் கோடாகிவிட்டால் டியூப் நழுவியிருக்கலாம், அப்போது ஒரு நொடியும் யோசிக்கக் கூடாது.

ரத்தத்தில் இருப்பதைவிட மூச்சில் 2 முதல் 5 வரை குறைவது இயல்பு. 19 குறைவது நிஜம் என்றால் நுரையீரலுக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். பிபி விழுந்தாலோ, காலில் உறைந்த ரத்தக்கட்டி போய் நுரையீரல் ரத்தக்குழாயை அடைத்தாலோ அப்படி ஆகும். உங்கள் கணக்குகளைப் பார்த்தால் அது போலத் தெரியவில்லை. ஆனாலும் டாக்டர் வந்ததும் காலில் வீக்கம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மூச்சுக்குழல் இறுகினால் அலை சுறாத் துடுப்பு போலச் சரிந்து ஏறும், இது அதுவும் இல்லை. நீங்கள் சொல்லும் மேடும் குச்சியும் லைனில் கசிவு இருப்பதன் அடையாளம்.

இன்னொன்று. கட்டுவிரியன் கடித்தவருக்குக் கண் திறக்காது, கை அசையாது, ஆனால் பெரும்பாலும் நினைவு இருக்கும், காதும் கேட்கும். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டே செய்யுங்கள்.

பயோமெடிக்கல் டெக்னீஷியன், கும்பகோணம்

டாக்டர் சொன்னது சரிதான் அக்கா. மெஷினுக்குள் ஒரு குட்டி பம்ப் நிமிடத்துக்கு 50 முதல் 200 மில்லி வரை மூச்சை உறிஞ்சுகிறது. வழியில் விரிசல் இருந்தால் அறைக் காற்றும் சேர்ந்து போகும். அதில் கார்பன் டை ஆக்சைடு 0.04 சதவீதம்தான், அதனால் மேடு தாழ்கிறது. வெண்டிலேட்டர் அடுத்த மூச்சைத் தள்ளும்போது லைனுக்குள்ளும் அழுத்தம் ஏறும், வெளிக்காற்று நுழைவது நிற்கும். அந்தக் கணத்தில் கலப்பில்லாத மூச்சு சென்சாருக்குப் போய்ச் சேருகிறது. அதுதான் குச்சி.

டியூப் பக்கம் லைன் சேரும் இடத்துக்கு அருகில் அதை மடக்கிப் பிடியுங்கள். சில நொடிகளில் அடைப்பு அலாரம் அடிக்க வேண்டும். அடிக்கவில்லையென்றால் பம்புக்கு வேறெங்கோ காற்று கிடைக்கிறது. லைனில் வரும் நீரைப் பிடிக்கும் வாட்டர் ட்ராப் செருகும் இடத்தையும், லைனைத் திருகும் முனையையும் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழை அளவு விரிசல் போதும்.

ஸ்டாஃப் நர்ஸ், மன்னார்குடி பக்கம்

மடக்கிப் பிடித்தேன், அலாரம் வரவில்லை. டார்ச் அடித்துப் பார்த்ததில் ட்ராப்பில் திருகும் முனையில் விரிசல். மாலையில் தண்ணீர் கொட்டிவிட்டுத் திரும்ப மாட்டும்போது அழுத்தித் திருகியது நான்தான். புது லைன் போட்டோம். பெட்டி போன்ற அலை திரும்பி வந்துவிட்டது, எண் 39. டாக்டரும் வந்து பார்த்துவிட்டார். லைன் மாற்றுகிறேன் தாத்தா என்று முன்னாலேயே சொன்னேன்.

ஒரு சந்தேகம்: லைனில் அடிக்கடி தண்ணீர் கோக்கிறதே?

பயோமெடிக்கல் டெக்னீஷியன், கும்பகோணம்

லைன் மாட்டும் துளை மேல்நோக்கி இருக்கட்டும், கீழே திரும்பியிருந்தால் சளியும் நீரும் இறங்கிவிடும். மூச்சின் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைக்கும் ஹெச்எம்இ ஃபில்டர் போட்டிருந்தால் அதற்கு மெஷின் பக்கமுள்ள துளையில் மாட்டுங்கள். ட்ராப்பை விரல் நுனியால் திருகி, நின்றதும் விட்டுவிடுங்கள்.