தினம் ஒரே பழம் போதுமா, வகைவகையாக வேண்டுமா?

அரைக்கிணறு:
பல வருடமாக என் கணக்கு இதுதான்: காலையில் ஒரு வாழைப்பழம், மாலையில் ஒரு ஆப்பிள். உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் போகிற இடமெல்லாம் "ஒரே பழத்தையே சாப்பிடாதே, ஐந்தாறு நிறத்தில் சாப்பிடு" என்று அறிவுரை. இது உண்மையிலேயே உடம்பு கேட்பதா, இல்லை பழம் விற்பவர்கள் கிளப்பிவிட்டதா? எனக்கு இரண்டாவதுதான் என்று படுகிறது. மறுப்பவர்கள் எண்ணோடு வாருங்கள். "இயற்கை", "சத்து" என்று பொத்தாம்பொதுவாகப் பேச வேண்டாம்.

ஈரமண்:
எண்தானே, தருகிறேன். எல்லாம் 100 கிராமுக்கு. வைட்டமின் சி ஆப்பிளில் 5 மி.கி. கூட இல்லை. வாழையில் 9க்குள். மாம்பழத்தில் 36, ஆரஞ்சில் 53, பப்பாளியில் 60, கொய்யாவில் 220க்கு மேல். பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்று நாடுகள் சொல்வது 40 முதல் 110 மி.கி. வரை. உங்கள் இரண்டு பழமும் சேர்ந்து 20ஐத் தொட்டாலே அதிகம். மிச்சம் காய்கறியிலிருந்து வருகிறது, அதனால்தான் "ஒரு குறையும் இல்லை".

நார்ச்சத்தைப் பாருங்கள். கொய்யாவில் 5.4 கிராம், மாதுளையில் 4, தோலோடு ஆப்பிளில் 2.4, திராட்சையில் 1க்கும் குறைவு, தர்பூசணியில் அரை கிராம்கூட இல்லை. உடம்பு வைட்டமின் ஏவாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் மாம்பழத்திலும் பப்பாளியிலும் இருக்கிறது. இரண்டும் உங்கள் பட்டியலில் இல்லை. எந்த ஒரு பழமும் எல்லாப் பாடத்திலும் முதல் மார்க் வாங்குவதில்லை.

சந்தேகச்சாமி:
உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள் ஈரமண். "மிச்சம் காய்கறியிலிருந்து வருகிறது" என்று சொன்னீர்களே, விஷயமே அவ்வளவுதான். சிவப்புக் குடைமிளகாயில் வைட்டமின் சி ஆரஞ்சைவிட இரண்டு மடங்குக்கு மேல். கேரட்டில் பீட்டா கரோட்டின் மாம்பழத்தைவிடப் பல மடங்கு. உருளைக்கிழங்கின் பொட்டாசியத்துக்கு முன்னால் வாழைக்குத் தனிப் பெருமை கிடையாது. ஆனால் சர்க்கரை? திராட்சையில் 15 கிராம், மாம்பழத்தில் 14, வாழையில் 12. காய்கறிகளில் பெரும்பாலானவை 5ஐத் தாண்டாது. ஒரு பழமா ஆறு பழமா என்பது இருக்கட்டும், பழமே எதற்கு என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், "பழம் சாப்பிடுகிறவர்களுக்கு நோய் குறைவு" என்ற ஆய்வுகளைக் கொண்டுவரப் போகிறீர்கள், தெரியும். அப்படிப்பட்டவர்கள் பொதுவாகப் புகை பிடிப்பது குறைவு, நடப்பது அதிகம், கையில் காசும் கொஞ்சம் கூடுதல். மாலையை மட்டும் கொண்டுபோய்ப் பழத்தின் கழுத்தில் போடுகிறோம்.

வரிக்குதிரை:
பசிக்கிற நேரத்தில் குடைமிளகாயைக் கையில் எடுத்துக் கடித்துக்கொண்டே நடக்கிற மனிதர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள், பார்ப்போம்.

ஈரமண்:
சர்க்கரைக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சர்க்கரைக்கு வரம்பு வைத்தபோது முழுப் பழத்தில் இருக்கும் சர்க்கரையை அந்த வரம்புக்குள் கொண்டுவரவில்லை. தேன், பாகு, பழச்சாறு மூன்றையும் கொண்டுவந்தது. சாறில் ஒரு சிட்டிகை சர்க்கரை போடாவிட்டாலும் அது வரம்புக்குள்தான் வரும்.

காரணம் இருக்கிறது. 1977இல் தி லான்செட் என்ற மருத்துவ இதழில் ஒரு சின்ன சோதனை வந்தது. பத்துப் பேருக்கு ஆப்பிளை முழுதாகவும், கூழாகவும், சாறாகவும் கொடுத்தார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்த அளவு மூன்றிலும் ஒன்றுதான். சாறு சில நிமிடத்தில் உள்ளே போய்விட்டது, வயிறு நிறைந்த உணர்வு குறைவு. சாறு குடித்தபோது இன்சுலின் கூடுதலாக ஏறியது, அப்புறம் ரத்தச் சர்க்கரை கீழே இறங்கியது. கடித்து மென்று சாப்பிட்டபோது அந்த ஏற்ற இறக்கம் இல்லை.

2013இல் டென்மார்க்கில் புதிதாக டைப் 2 சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 63 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு "தினம் இரண்டு பழத்துக்கு மேல் வேண்டாம்", மறுபாதிக்கு "இரண்டுக்குக் குறையாமல் சாப்பிடுங்கள்" என்றார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தால் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை) அளவில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கே இதுதான் கதை.

சந்தேகச்சாமி:
"கெடுதல் தெரியவில்லை" என்பது "நன்மை" ஆகிவிடாது. 63 பேர், 12 வாரம். இதை வைத்து நான் எதையாவது வாதாடியிருந்தால் நீங்கள் என்னைச் சும்மா விட்டிருப்பீர்களா?

ஈரமண்:
சரி, பெரியதாகவே எடுத்துக்கொள்வோம். 1997இல் டாஷ் சோதனை, சாப்பாட்டை மாற்றினால் ரத்த அழுத்தம் குறையுமா என்று பார்த்தது. 459 பேர். எல்லோருக்கும் சாப்பாட்டை ஆய்வாளர்களே கொடுத்தார்கள், யாருக்கு எந்தச் சாப்பாடு என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். காசு, நடை, புகை என்ற உங்கள் சந்தேகம் எதுவும் இங்கே ஒட்டாது. பழமும் காய்கறியும் கூட்டிக் கொடுத்த குழுவுக்கு மேல் ரத்த அழுத்தம் 2.8 புள்ளி குறைந்தது. அதோடு கொழுப்புக் குறைந்த பால் பொருட்களும் சேர்த்து, மொத்தக் கொழுப்பையும் குறைத்த குழுவுக்கு 5.5.

சந்தேகச்சாமி:
பழமும் *காய்கறியும்*. அதில் பழத்தின் பங்கு எவ்வளவு என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. என் கேள்வி அப்படியே நிற்கிறது.

இன்னொன்று. நிறம் நிறமாகச் சாப்பிடு என்பவர்கள் எல்லோரும் நிறமிகளின் பெயரைச் சொல்கிறார்கள்: பீட்டா கரோட்டின், லைக்கோபீன், ஆந்தோசயனின். நிறமிக்கே அந்தச் சக்தி என்றால் தனியாக எடுத்துக் கொடுத்தால் வேலை செய்ய வேண்டும். கொடுத்துப் பார்த்தார்கள். பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,000க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற சோதனையில் பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. முடிவு வெளிவந்தது 1994இல். அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையை 1996இல் பாதியிலேயே நிறுத்தினார்கள், அங்கேயும் கூடியிருந்தது.

ஈரமண்:
அது மாத்திரைக்கு எதிரான சாட்சி, பப்பாளிக்கு எதிரானது இல்லை. மாத்திரையில் ஒரே பொருள், அதுவும் சாப்பாட்டிலிருந்து வழக்கமாகக் கிடைப்பதைவிடப் பல மடங்கு. பப்பாளியில் அது நார், பொட்டாசியம், வைட்டமின் சி, பெயர் வைக்காத இன்னும் நூறு பொருளோடு கொஞ்சமாக வருகிறது. ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து அள்ளிப் போட்டால் சரிவராது என்பதைத்தான் அந்த இரண்டு சோதனையும் காட்டுகின்றன. வகைவகையாகச் சாப்பிடு என்று நான் சொல்வதும் இதனால்தான்.

பொன்வண்டு:
நீங்கள் இரண்டு பேரும் முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். பழத்தை வெறும் வயிற்றில்தான் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிட்டால் வயிற்றில் தேங்கி அழுகிவிடும், சத்து எதுவும் சேராது. இரவில் சாப்பிட்டால் விஷம்.

சந்தேகச்சாமி:
வயிற்றில் இருப்பது கடும் அமிலம். அழுக வைக்கும் கிருமிகள் அங்கே கூட்டம் போட முடியாது. மாவுச்சத்து, புரதம், கொழுப்பு எல்லாவற்றையும் சிறுகுடல் ஒரே நேரத்தில்தான் செரிக்கிறது, முறை வைத்து வரிசையில் நிறுத்துவதில்லை.

ஈரமண்:
இதில் சந்தேகச்சாமியோடு முழு உடன்பாடு. (திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.) சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிடுவதில் லாபம்கூட உண்டு. பருப்பு, கீரை போன்ற தாவர உணவில் இருக்கும் இரும்புச் சத்து எளிதில் உடம்பில் சேராது. அதே வேளையில் ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ இருந்தால் வைட்டமின் சி அதைச் சேர வைக்கும். ரத்தசோகை இருப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆரஞ்சு சாப்பிட்டால் இந்த உதவி வீணாகிறது.

வரிக்குதிரை:
அப்படியே தர்பூசணி விவகாரத்தையும் முடித்துவிடுங்கள். கிளைசீமிக் குறியீடு (ஒரு உணவு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றும் என்று காட்டும் எண்) 70க்கு மேல், தொடவே கூடாது என்று எனக்குத் தெரிந்தவர் ஒருவர் சத்தியம் செய்கிறார்.

ஈரமண்:
குறியீடு உயரம்தான். ஆனால் அந்த எண்ணை எடுப்பதே மாவுச்சத்தும் சர்க்கரையும் சேர்ந்து 50 கிராம் கிடைக்கும் அளவுக்குச் சாப்பிட வைத்து. தர்பூசணியில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர், அந்த 50 கிராம் வர வேண்டுமானால் கிட்டத்தட்ட முக்கால் கிலோ தின்ன வேண்டும். இரண்டு துண்டு சாப்பிடுகிறவருக்கு அந்த எண் பொருந்தாது.

சந்தேகச்சாமி:
தலைப்புக்கு வருவோம். வகை முக்கியமா என்று நேரடியாகவே பார்த்த ஆய்வு உண்டு. 2013இல் அமெரிக்கச் செவிலியர்களையும் ஆண் மருத்துவப் பணியாளர்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவை வைத்து, இதய நோய்க்கு எது உதவுகிறது, பழம் காய்கறியின் அளவா வகையா என்று பார்த்தார்கள். பதில்: அளவு. வகைக்குத் தனிப் பயன் தெரியவில்லை. ஆக, அரைக்கிணறு தாராளமாகத் தன் வாழையும் ஆப்பிளுமாக இருக்கலாம்.

ஈரமண்:
அது இதயத்துக்கு. சர்க்கரை நோய்க்கு வேறு பதில். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் நடந்த நீண்ட கால ஆய்வின் முடிவு 2012இல் வந்தது: எவ்வளவு சாப்பிட்டார்கள் என்பதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பல வகைப் பழம் சாப்பிட்டவர்களுக்கு டைப் 2 வருவது குறைவு. பழத்தின் அளவு மட்டும் கூடியதால் தெளிவான பலன் தெரியவில்லை.

நீங்கள் சொன்ன அதே செவிலியர், மருத்துவப் பணியாளர் தரவை வைத்தே 2013இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் இன்னொரு கட்டுரை வந்தது, டைப் 2 அபாயம் பற்றி. இன்னொரு செவிலியர் குழுவும் சேர்ந்து மொத்தம் 1,87,000 பேருக்கு மேல். பழத்தை மொத்தமாக எண்ணாமல் தனித்தனியாகப் பிரித்தார்கள். வாரம் மூன்று முறை புளூபெர்ரி சாப்பிட்டவர்களுக்கு அபாயம் 26 சதவீதம் குறைவு, திராட்சைக்கு 12, ஆப்பிள் பேரிக்காய்க்கு 7, வாழைக்கு 5. பழச்சாறுக்கோ அபாயம் கூடியது. நீங்கள் சர்க்கரை அதிகம் என்று காட்டிய திராட்சைதான் இரண்டாம் இடத்தில் நிற்கிறது, கவனியுங்கள்.

அரைக்கிணறு:
ஆப்பிளும் வாழையும் நல்ல பக்கத்தில்தான் இருக்கின்றன போலிருக்கிறதே!

சந்தேகச்சாமி:
அதே கட்டுரையில் முலாம்பழத்துக்கு அபாயம் 10 சதவீதம் *கூடியது*. அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? வகை என்ற பெயரில் அதையும் தட்டில் வைப்பீர்களா? புளூபெர்ரி தின்கிறவர் யார், எப்படி வாழ்கிறவர் என்ற பழைய கேள்வியும் அங்கேயே இருக்கிறது.

ஈரமண்:
வைப்பேன், வாரத்தில் ஒரு நாள். ஒரே பழத்தில் எல்லாப் பந்தயத்தையும் கட்டினால்தான் அது முலாம்பழமாக அமைந்துவிட்டால் சிக்கல். ஒவ்வொரு பழத்தைப் பற்றியும் நமக்குத் தெரிந்தது அரைகுறை என்று நீங்கள்தானே சொல்கிறீர்கள்? அப்படியானால் பரவலாகச் சாப்பிடுவதுதான் அந்தச் சந்தேகத்துக்கே ஏற்ற வழி.

சந்தேகச்சாமி:
பரவலாகக் *காய்கறி* சாப்பிடுவது அதைவிட நல்ல வழி. நான் இதிலிருந்து இறங்குவதாக இல்லை.

நிலாமுற்றம்:
நான் சிறுநீரக நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொள்கிறேன், அதனால் ஒரு வார்த்தை. "எல்லோரும் எல்லாப் பழமும் சாப்பிடலாம்" என்ற தொனியில் இரண்டு பேருமே பேசுகிறீர்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவருக்குப் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். நட்சத்திரப் பழம் அவர்களுக்கு நேரடியாக நஞ்சு, விடாத விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகும். உயிர் போனதும் உண்டு. அதேபோல கிரேப்ஃப்ரூட் (திராட்சை இல்லை, பம்பளிமாஸுக்கு உறவான புளிப்புப் பழம்) சில மருந்துகளைக் குடலில் உடைக்கும் நொதியை முடக்கிவிடும். சிம்வாஸ்டாட்டின் போன்ற கொழுப்பு மாத்திரை எடுப்பவர்கள் அதைச் சாப்பிட்டால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறும்.

அரைக்கிணறு:
நல்லவேளை சொன்னீர்கள். ஈரமண் வாதத்தில் பாதியை ஏற்கிறேன், ஆப்பிளை நிறுத்திவிட்டுக் கொய்யாவுக்கு மாறிப் பார்க்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது, வாழைப்பழம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதற்குப் பதில் கொய்யா வாங்கிக் கொடுத்துவிடலாம், இல்லையா?

நிலாமுற்றம்:
வேண்டாம், பொறுங்கள். கொய்யாவில் வாழையைவிடப் பொட்டாசியம் அதிகம்: 100 கிராமுக்கு 417 மி.கி., வாழையில் 358. நீங்கள் கைவிடப்போகும் ஆப்பிளில் வெறும் 107தான். அந்த ஆப்பிளை அப்பாவுக்குக் கொடுக்கலாமா, எவ்வளவு என்று அவருடைய கடைசி ரத்தப் பரிசோதனைத் தாளோடு டாக்டரிடமே கேளுங்கள்.