34-இல் உள்ள 3-க்கு மூன்று குச்சியைக் காட்டுகிறார்கள்: அமைப்புகளும் இடமதிப்பும் எப்படிப் பாடம் பிரிப்பது?

இரண்டாம்_வகுப்பு_டீச்சர்:

வணக்கம். இரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். இடமதிப்பைத் தொடங்கி ஒரு பகுதி முடித்திருக்கிறேன், அமைப்புகள் பாடம் (நிறமோ வடிவமோ எண்ணோ ஓர் ஒழுங்கில் தொடர்ந்து வருவது) இன்னும் பாக்கி. இடமதிப்பில்தான் வண்டி நின்றுவிட்டது.

பலகையில் 34 என்று எழுதினால் வகுப்பே ஒரே குரலில் "3 பத்து, 4 ஒன்று" என்கிறது. ப, ஒ என்று தலைப்பிட்டுக் கட்டம் போட்டுக் கொடுத்தால் யாரும் தப்பாக நிரப்புவதில்லை. ஆனால் மேசையில் 34 குச்சிகளை எண்ணி வைத்து, "34-இல் இந்த 4 இருக்கிறதே, அதற்கு எவ்வளவு குச்சி?" என்றால் நான்கைத் தள்ளி வைக்கிறார்கள். "சரி, இந்த 3-க்கு?" என்றால் மூன்றே மூன்று குச்சி. மிச்சம் கிடக்கும் 27 எதற்கு என்று கேட்டால், "அது சும்மா இருக்கு டீச்சர்" என்று பதில்.

வாயால் எண்ணும்போது 29-க்கு அப்புறம் "இருபத்துப் பத்து" என்று போகிறவர்களும் உண்டு. நூற்று நான்கு எழுதச் சொன்னால் 1004 வருகிறது.

என் கேள்வி இதுதான். இடமதிப்பை அப்படியே நிறுத்திவிட்டு அமைப்புகளை முடித்துக்கொண்டு வரலாமா? அது விளையாட்டுப் பாடம், சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். அல்லது இதையே இன்னும் கொஞ்சம் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாமா? கையில் இருப்பது குச்சிகள், ரப்பர் பேண்டுகள், இரண்டு நிற மணிகள், சார்ட் அட்டைகள். அவ்வளவுதான்.

பழைய_சிலேட்டு:

டீச்சர், முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: உங்கள் பிள்ளைகள் விதிவிலக்கு இல்லை. குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயிடம் பயின்ற கான்ஸ்டன்ஸ் காமி இதே சோதனையை 16 பொருள்களை வைத்துச் செய்தார். 16-இல் உள்ள 1-க்கு ஒரே ஒரு பொருளைக் காட்டிய குழந்தைகள் ஏராளம், அதுவும் இடமதிப்புப் பாடம் படித்து முடித்த பிறகு.

பாடத்தை மாற்றுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கட்டம் போடாமல் வாயால் சொல்லுங்கள்: "5 ஒன்றுகள், 2 பத்துகள். என்ன எண்?" எத்தனை பேர் 52 எழுதுகிறார்கள் என்று பாருங்கள். அப்புறம் மணிகளை வைத்து சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு, நீலம், நீலம், சிவப்பு, நீலம் என்று கோர்த்து, அங்கேயே நிறுத்தி, அடுத்தது என்ன என்று கேளுங்கள். சரியாகச் சொன்னவர்களிடம் "இதில் எந்தத் துண்டு திரும்பத் திரும்ப வருகிறது? நூலில் கை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். முடிவைச் சொன்னால் பேசலாம்.

இரண்டாம்_வகுப்பு_டீச்சர்:

செய்து பார்த்தேன். முதல் கேள்விக்குப் பாதிக்கு மேல் 52. இரண்டாவதில் அடுத்த மணி நீலம் என்று நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள், ஆனால் துண்டைக் காட்டச் சொன்னால் முழு மாலையையும் காட்டுகிறார்கள், அல்லது கடைசி மணியை மட்டும். ஒரு பையன் "நீலத்துக்கு அப்புறம் நீலம்தான் வரும்" என்கிறான். அப்படியானால் சிவப்பு எப்படி வந்தது என்றேன். முறைக்கிறான்.

பழைய_சிலேட்டு:

அப்படியானால் இரண்டும் ஒரே நோய். உங்கள் முதல் கேள்விக்கு அங்கேயே பதில் இருக்கிறது: அமைப்புகளை "முடித்துவிட்டு" வர வேண்டாம், அதை வைத்தே இடமதிப்புக்குள் நுழையுங்கள்.

மாலையில் பிள்ளைகள் ஒவ்வொரு மணியாகத்தான் பார்க்கிறார்கள். சிவப்பு-நீலம்-நீலம் என்ற மூன்றும் சேர்ந்து ஒரு பொருள் என்பது கண்ணில் படவில்லை. 34 குச்சியிலும் அதேதான். பத்துக் குச்சிகள் சேர்ந்து "ஒரு பத்து" ஆகும், அந்த ஒன்றை எண்ணலாம், ஆனாலும் உள்ளே பத்து இருக்கிறது. இந்த இரட்டைப் பார்வைதான் இடமதிப்பின் உயிர். அது இல்லாமல் "3 பத்து 4 ஒன்று" என்பது இடது பக்கம் இருப்பதற்கு ஒரு பெயர், வலது பக்கம் இருப்பதற்கு ஒரு பெயர், அவ்வளவுதான். கட்டத்தில் தப்பு வராததற்கும் காரணம் இதுவே. இடமிருந்து வலமாக இரண்டு இலக்கத்தைப் பெயர்த்து எழுத யோசிக்கத் தேவையில்லை.

நான் செய்வது இப்படி. அமைப்புகள் பாடத்தில் "அடுத்தது என்ன" என்ற கேள்வியைக் குறைத்துவிடுவேன். பயிற்சித்தாள்களில் பெரும்பாலும் மாலை முழுத் துண்டோடு முடியும், பிள்ளை முதலிலிருந்து அப்படியே நகல் எடுத்தால் போதும். அதனால் துண்டின் நடுவில் நிறுத்துங்கள், சில நேரம் நடுவிலிருந்தே தொடங்குங்கள். மாலையை ஒரு துணியால் மூடி, நினைவிலிருந்து கோர்க்கச் சொல்லுங்கள். துண்டைப் பிடித்த பிள்ளைக்கு மூன்று மணிகளை நினைவில் வைத்தால் போதும். பிடிக்காத பிள்ளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யப் பார்த்துத் திணறும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தாள் திருத்தாமலே தெரிந்துவிடும். அதே மாலையைக் கைதட்டலாக மாற்றச் சொல்லுங்கள்: தட்டு, சொடக்கு, சொடக்கு. நிறம் போய்விட்டது, துண்டு மட்டும் நிற்கிறது.

பிறகு துண்டுகளை எண்ண வைக்க வேண்டும். "10-ஆவது மணி என்ன நிறம்?" மூன்று முழுத் துண்டு, அதற்கு மேல் ஒரு மணி, ஆகவே சிவப்பு. இதை நோட்டில் "3 துண்டு, 1 தனி" என்று எழுத வையுங்கள். 14 மணி என்றால் 4 துண்டு, 2 தனி. இப்படி எழுதிப் பழகிய பிள்ளையிடம், "இனிமேல் துண்டு என்றால் எப்போதும் பத்து" என்று சொல்லிவிட்டால், 34 என்பது 3 துண்டு 4 தனி. புதிதாக எதுவும் சொல்லவே இல்லை பாருங்கள்.

மணிச்சட்டம்:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். ஒரே ஒரு கவலை: மூன்று மணித் துண்டும் பத்துக் குச்சிக் கட்டும் ஒரே மாதிரி என்று நமக்குத் தெரிகிறது, ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படித் தாவ முடியுமா? மாலையில் துண்டுக்குள் ஒரு வரிசை இருக்கிறது. கட்டுக்குள் எந்த வரிசையும் இல்லை, எல்லாக் குச்சியும் ஒன்றுதான். நான் நேராகப் பத்துப் பத்தாக நிறம் மாறும் மணிகளுக்குப் போய்விடுவேன்: 10 சிவப்பு, 10 நீலம், 10 சிவப்பு என்று 100 வரை ஒரு நீள மாலை. அதுவே மீண்டும் வரும் அமைப்பு, அதுவே இடமதிப்பு. 34-ஐக் கிளிப் போட்டுக் காட்டு என்றால் பிள்ளை முதலில் ஒன்று ஒன்றாக எண்ணும். சில நாளில் மூன்று பத்துகளை அப்படியே தாண்டி நான்கு மணிக்கு வந்துவிடும். அந்தத் தாவல் வரும் வரை கட்டம் பக்கமே போகாதீர்கள்.

டீன்ஸ் கட்டைகள் (ஒன்று, பத்து, நூறு என்று வெவ்வேறு அளவில் வரும் கணக்குக் கட்டைகள்) வாங்கலாமா என்று யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: இருந்தால் நல்லது, ஆனால் முதலில் வேண்டாம். பத்தின் கட்டை ஒட்டியே வரும், பிரிக்க முடியாது. பிள்ளைக்கு அது ஒரு நீளக் கட்டை, அவ்வளவுதான். ரப்பர் பேண்ட் கட்டு அப்படியல்ல, சந்தேகம் வந்தால் அவிழ்த்து எண்ணிப் பார்த்துவிட்டு மறுபடி கட்டலாம்.

பழைய_சிலேட்டு:

இரு நிற 100 மணி மாலை அருமையான பொருள், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு நேராகப் போனால் துண்டு என்றாலே நிறம் மாறும் இடம் என்று பதிந்துவிடும் என்பது என் பயம். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். சிறிய துண்டு முதலில், 100 மணி மாலை அடுத்து. கட்டைகள் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நூறு_கட்டம்:

என் பங்குக்கு ஒன்று. 100 எண் அட்டவணையை மறக்காதீர்கள், இரண்டு பாடமும் கைகோக்கும் இடம் அதுதான். 7-லிருந்து நேர் கீழே இறங்கச் சொல்லுங்கள்: 17, 27, 37. எது மாறியது, எது மாறவில்லை? இதை அவர்கள் வாயாலேயே சொல்ல விடுங்கள், நீங்கள் சொல்லாதீர்கள். அப்புறம் அட்டவணையைத் துண்டாக வெட்டி, நடுவில் 45 மட்டும் தெரியும்படி கூட்டல் குறி வடிவத் தாளைக் கொடுத்து, சுற்றியுள்ள நான்கு கட்டத்தையும் நிரப்பச் சொல்லுங்கள். மேலே 35, கீழே 55, பக்கத்தில் 44, 46. பத்துப் பத்தாக எண்ணுவதை 10, 20, 30 என்று பாட்டாகப் பாடுகிற பிள்ளை 45-லிருந்து பத்து கூட்டத் தடுமாறும். அதைப் பிடிக்க இந்தத் தாளே போதும்.

"இருபத்துப் பத்து" என்று சொல்கிற பிள்ளைகளைத் திட்ட வேண்டாம். அது மோசமான தப்பு இல்லை, அவர்கள் விதியைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம். "சரி, இருபதும் பத்தும் சேர்ந்தால் எத்தனை கட்டு?" என்று கேட்டால் முப்பது தானாக வரும்.

நேரம்_இல்லை:

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனால் அட்டவணையில் 1 முதல் 100-ஆ, 0 முதல் 99-ஆ? எங்கள் வகுப்பில் 20 என்பது 11-இன் வரிசையில் போய் உட்கார்ந்திருப்பதால் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

நூறு_கட்டம்:

0 முதல் 99 வரை போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் பத்தின் இலக்கம் ஒன்றே, 20 முதல் 29 வரை ஒரே வரிசை. இடமதிப்புக்கு அதுதான் சுத்தம். 1 முதல் 100 வரை போட்டால், எண்ணி முடித்த பொருள்களின் எண்ணிக்கையோடு ஒத்துப்போகும், இரண்டு வரிசை நிறைந்தால் 20 பொருள். எண்ணிக்கைக்கு அது, இலக்கத்துக்கு இது. நான் இடமதிப்பு நடத்தும் நாட்களில் 0-99 மட்டும் சுவரில் வைப்பேன்.

இரண்டாம்_வகுப்பு_டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. ஒரு நடைமுறைச் சிக்கல். பாடவேளை 40 நிமிடம், பிள்ளைகள் அதிகம். ப, ஒ கட்டத்தைப் பாடப்புத்தகம் கேட்கிறது, தேர்விலும் வரும். அதை விட முடியாது. மொத்தம் மூன்று வாரம் கிடைக்கலாம். எப்படிப் பிரிப்பீர்கள்?

பழைய_சிலேட்டு:

கட்டத்தை விட வேண்டாம், கடைசிக்குத் தள்ளுங்கள். முதல் வாரம் முழுக்க மாலை, கைதட்டல், துண்டு எண்ணுதல். வளரும் அமைப்பும் ஒரு நாள் தொட்டுக்கொள்ளலாம், ஆனால் 2, 4, அடுத்தது என்ன என்று இரண்டே எண் கொடுத்துக் கேட்காதீர்கள். 6 என்பவனும் சரி, இரட்டித்து 8 என்பவளும் சரி. குறைந்தது நான்கு எண் கொடுங்கள், விடையோடு விதியையும் சொல்ல வையுங்கள்.

இரண்டாம் வாரம்தான் கனமான வாரம், அதில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ஜோடிக்கும் எண்ணாமல் ஒரு கைப்பிடி குச்சி. முதலில் எத்தனை இருக்கும் என்று ஊகிக்க வேண்டும், பிறகு பத்துப் பத்தாகக் கட்டி எண்ண வேண்டும், பக்கத்து ஜோடி சரிபார்க்க வேண்டும். கூட்டம் அதிகம் என்றாலும் ஜோடி வேலையில் நீங்கள் சுற்றி வந்து கேட்க நேரம் கிடைக்கும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இந்த இலக்கத்துக்கு எந்தக் குச்சிகள்?" இந்த வாரத்தின் கடைசியில் ஒரு கட்டை அவிழ்க்கச் சொல்லுங்கள். 3 கட்டு 4 தனி இருந்தது, இப்போது 2 கட்டு 14 தனி. எண் மாறிவிட்டதா? மாறிவிட்டது என்று பலர் சொல்வார்கள். விவாதிக்க விடுங்கள், திரும்ப எண்ண விடுங்கள். பின்னால் 34-இலிருந்து 8-ஐக் கழிக்கும்போது "கடன் வாங்குதல்" என்று மந்திரம் சொல்லித்தரத் தேவைப்படாது, இந்த அவிழ்த்த கட்டுதான் அது.

மூன்றாம் வாரம் அட்டவணை, அப்புறம் கட்டம். கட்டத்தில் பாதிக் கணக்கையாவது தலைகீழ் வரிசையில் கொடுங்கள்: 6 ஒன்று 4 பத்து, 7 பத்து மட்டும், 3 பத்து 12 ஒன்று. கடைசியாகச் சொன்னதற்கு 312 என்று யார் எழுதினாலும் அவரை மறுபடி குச்சிக்கு அனுப்புங்கள்.

மணிச்சட்டம்:

மூன்றாம் வாரத்தில் மணிச்சட்டம் இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் வேண்டாம். அதில் பத்தின் மணியும் ஒன்றின் மணியும் ஒரே அளவு. கம்பியின் இடம் மட்டுமே மதிப்பைச் சொல்கிறது. எழுதும் எண்ணுக்கு மிக நெருக்கமான பொருள், ஆகவே மிகக் கடினமான பொருளும் கூட.

இரண்டாம்_வகுப்பு_டீச்சர்:

திட்டம் எழுதிவிட்டேன். 1004 மட்டும் பாக்கி. மூன்றிலக்கம் இந்தப் பருவத்தில் 200 வரைதான், இருந்தாலும் இப்போதே தலைகாட்டுகிறதே.

நூறு_கட்டம்:

அதற்கு அடுக்கு அட்டை. நீள அட்டையில் 100, நடுத்தர அட்டையில் 10 முதல் 90 வரை பத்துகள், சிறிய அட்டையில் 1 முதல் 9. எல்லாவற்றையும் வலது ஓரங்கள் பொருந்தும்படி அடுக்க வேண்டும். நூற்று நான்கு என்றால் 100-இன் மேல் 4-ஐ வைக்கிறோம், கடைசிப் பூஜ்யம் மறைகிறது, 104 தெரிகிறது. எடுத்துவிட்டால் உள்ளே 100 அப்படியே இருக்கிறது. பிள்ளை 100-ஐ எழுதிப் பக்கத்திலேயே 4 எழுதுவதால்தான் 1004 வருகிறது, பக்கத்தில் அல்ல, மேலே என்று கைக்குத் தெரிந்தால் போதும்.

94, 104 இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி அட்டை எடுக்க வையுங்கள். தொண்ணூற்று நான்கு, நூற்று நான்கு இரண்டும் காதில் கிட்டத்தட்ட ஒன்று, அங்கே சறுக்குகிறவர்கள் நிறைய. காதில் குழப்பமா கணக்கில் குழப்பமா என்று தெரிய, அதே எண்களைக் கட்டுகளாகவும் எடுக்கச் சொல்லுங்கள். தொண்ணூற்று நான்கு என்றதற்கு 10 கட்டு 4 தனியை எடுத்து 104 என்றே எழுதினால் பிரச்சினை கேட்பதில்தான், இடமதிப்பில் இல்லை.

இரண்டாம்_வகுப்பு_டீச்சர்:

அடுக்கு அட்டையை இன்றைக்கே வெட்டுகிறேன். 134-இல் எத்தனை பத்து என்று கேட்டால் 3 என்று ஏற்றுக்கொள்ளலாமா?

பழைய_சிலேட்டு:

பத்தின் இடத்தில் உள்ள இலக்கம் எது என்று கேட்டால் 3. எத்தனை பத்து இருக்கிறது என்று கேட்டால் 13, நூறுக்குள்ளும் பத்துக் கட்டுகள் இருக்கின்றனவே. கேள்வியை எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள். 13 என்று சொல்கிற பிள்ளைக்குத் தப்புப் போட்டுவிடாதீர்கள்.