73 வயசு அப்பாவுக்கு சென்சர் உள்ள கார் எடுத்தா சரியா வருமா?

தலவாக்கலை மகன்:
அப்பா தோட்டத்து லொறி 30 வருஷம் ஓட்டுனவரு. இப்பவும் பழைய மாருதியில அம்மாவ நுவரெலியா ஆஸ்பத்திரிக்கி கிளினிக் கூட்டிட்டு போறாரு. போன மாசம் நானுஓயா பக்கம் மிஸ்ட்ல, முன்னுக்கு நின்ன ஓட்டோவ கடைசி நேரத்துலதான் கண்டிருக்காரு, அதுவும் அம்மா சொல்லித்தான் எனக்கு தெரியும். ஓட்டாதீங்கன்னா ரெண்டு நாளைக்கி மூஞ்ச தூக்கி வச்சிக்குவாரு. தானா பிரேக் புடிக்கிற ஜப்பான் கார் ஒன்னு எடுத்து குடுத்தா பயமில்லாம இருக்கலாமா? காசு பெருசு, அதான் கேக்குறேன்.

ஹட்டன் கராஜ்:
தம்பி, நிறைய கார்ல அது முன் கண்ணாடிக்கு பின்னால இருக்கிற கமராதான், மிஸ்ட்ல நமக்கு தெரியலன்னா அதுக்கும் தெரியாது. ரேடார் உள்ளதுன்னா கொஞ்சம் பரவால்ல. கோடு தாண்டுனா கத்துறதெல்லாம் நிறைய கார்ல 50க்கு மேல போனாத்தான் வேல செய்யும், நம்ம வளைவுல 30ல போற மனுசனுக்கு அது எதுக்கு? பிரேக்குனு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சா தடுக்குற சென்சர் நல்ல சாமான், ஆனா முன்னுக்கு மதிலோ வாகனமோ இருக்கணும். பள்ளத்துப் பக்கம் என்னத்த புடிக்கும்? அப்புறம் முருகன் ஸ்டிக்கர கமராவ மறைச்சு ஒட்டிறாதீங்க, அப்படி ஒட்டிட்டு பழுதுன்னு நம்மகிட்ட வாராங்க 😄

கொட்டகலை அக்கா:
மொதல்ல கண்ண காட்டுங்க. எங்க மாமாவுக்கு கண்ணுல வெள்ளை, எதிர்ல லைட் வந்தா கூசியிருக்கு, ஒருத்தர்கிட்டயும் சொல்லல. லைசன்ஸ் புதுப்பிக்க மெடிக்கல் எடுத்தது எப்பவோ, அத நம்பி இருக்க ஏலாது. ஒப்பரேஷன் செஞ்சாச்சு, இப்ப பகல்ல மட்டும் ஓட்டுறாரு. அவரு எடுத்த காரும் ஜப்பான் பாஷைலதான் பேசுது, யாரு இந்த பொம்பளைன்னு கேட்டுட்டே போறாரு.

பழைய ட்ரைவர்:
முக்கியமானத ஒருத்தரும் சொல்லல. அப்பா மெனுவல் கைப்பழக்கம், இறக்கத்துல ரெண்டாவது கியர போட்டு இறங்குவாரு. இந்த கார் எல்லாம் ஓட்டோ கியர், D-ல போட்டபடியே நானுஓயாவுல இருந்து இறங்குனா பிரேக் சூடாகி புடிக்காம போகும். இறக்கத்துல எஞ்சினே வேகத்த புடிச்சு வைக்கிற L இல்லாட்டி B கியர் எதுக்குன்னு காட்டிக் குடுக்கணும். பெடல் மாறி மிதிக்கிறதும் ஓட்டோ கியர்லதான் கூட, கிளச் இல்லயே. 73 வயசுல புதுசா பழக்குறத விட பழைய வண்டிய நல்லா வச்சிக்கிறது மேல்னு நான் சொல்லுவேன்.

தலவாக்கலை மகன்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து அப்பாகிட்ட கதைச்சேன். அம்மா கிளினிக் போற அன்னைக்கே கண்ணயும் காட்டுறேன்னாரு. கார் வேணாமாம். கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா, "பின்னுக்கு எடுக்க ஒரு கமரா மட்டும் போட்டு குடு, கழுத்து திரும்ப மாட்டேங்குது"ங்கிறாரு. அது எத்தன நாளாவோ. ஹட்டன் அண்ணே, மாருதிக்கி போட ஏலுமா?