அப்டேட்: வெயிட் தூக்க ஆரம்பிச்சு மூணு மாசம் ஆச்சு

34 வயசுல, ரெண்டு பிள்ளை பெத்தப்புறம் வெயிட் தூக்கலாமான்னு இங்க கேட்டிருந்தேன்ல, தைரியம் சொன்ன எல்லாருக்கும் முதல்ல நன்றி. முதல்ல சேர்ந்த ஜிம்ல லேடீஸ்னா ட்ரெட்மில் போதும்னுட்டாங்க, அதான் மாறிட்டேன். இங்க மாஸ்டர் ரெண்டு வாரம் வெறும் ராடுலயே ஸ்க்வாட் (ராடைத் தோள்ல வச்சு உக்காந்து எந்திரிக்கிறது) போட வச்சாரு, அதுவே 20 கிலோ, மறுநாள் மாடிப்படி இறங்க முடியல, ஆனா அந்த வலி நாலாவது வாரத்துல போயிடுச்சு, இப்போ ஸ்க்வாட் 40 கிலோ, டெட்லிஃப்ட் (தரையில இருந்து இடுப்பு வரைக்கும் தூக்குறது) 55 கிலோ. வாரம் மூணு நாள்தான், ஏத்துறது ஒவ்வொரு தடவையும் ரெண்டரை கிலோதான்.

கை ஆம்பளை மாதிரி ஆகும்னு பயந்தேனே, அப்படி ஒண்ணும் ஆகல, பொம்பளைங்களுக்கு சதை ஏத்துற டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் ரொம்ப கம்மி, அவ்வளவு சீக்கிரம் சதை ஏறாது. கர்ப்பப்பை இறங்கிடும்னு அம்மா தினமும் புலம்புனாங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் அவங்க முன்னாடியே கேட்டப்புறம்தான் விட்டாங்க. நம்ம நாட்டு வெயிட்லிஃப்டிங் வீராங்கனை கர்ணம் மல்லேஸ்வரி 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ்ல ரெண்டு விதமா தூக்குனதுல மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்குன வீடியோவ அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன், அமைதியா ரெண்டு தடவை பார்த்தாங்க.

நேத்து நிறை சிலிண்டர், கிட்டத்தட்ட 30 கிலோ, யாரையும் கூப்பிடாம நானே தூக்கி வச்சேன்.