பேராசிரியரின் ஆராய்ச்சிக் குறிப்புகளை ஆர்.டி.ஐ.யில் கேட்டால் கொடுத்தே ஆகணுமா?

முனிர்கா_முருங்கை:
டெல்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். பேராசிரியர் ஒருவரின் இரண்டு வருஷ அலுவலக மின்னஞ்சல், களப்பணிப் பேட்டிக் குறிப்புகள், வெளிவராத கட்டுரை வரைவு, தனியார் நிறுவனத்தோடு போட்ட ஆராய்ச்சி நிதி ஒப்பந்தம், நாலையும் கேட்டு மனு. கொடுக்கலாமா என்று பேராசிரியரின் கருத்தைக் கேட்டுப் பொதுத் தகவல் அலுவலரிடமிருந்து பிரிவு 11 நோட்டீஸும் வந்தாச்சு. 'கல்விச் சுதந்திரம் பாதிக்கப்படும்' என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

ஆர்கேபுரம்_வக்கீல்:
போதாது சார். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், எதையெல்லாம் மறுக்கலாம் என்று சொல்லும் 8ஆம் பிரிவில் கல்விச் சுதந்திரம் என்று ஒரு விலக்கே கிடையாது. அந்த ஒரு வரியை நம்பி அலுவலர் மறுத்தால் மேல்முறையீட்டில் நிற்காது. மறுத்தது சரிதான் என்று காட்டவேண்டியது அவர் பொறுப்பு, 19(5).

நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து 10 நாள் அவகாசம். நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டாமல் தனித்தனியாகப் பதில் எழுதணும். நிதி யார் கொடுத்தது, எவ்வளவு என்பதை மறைக்கப் பார்க்கவேண்டாம். வெளியே தெரியாத செய்முறை ஏதாவது ஒப்பந்தத்தில் இருந்தால் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் 8(1)(டி), அதாவது வணிக ரகசியம், அறிவுசார் சொத்துக்கான விலக்கைக் கோரலாம். மீதியைப் பிரித்துக் கொடுக்கப் பிரிவு 10 இருக்கிறது. வரைவுக்கும் 8(1)(டி)தான். ஆனால் 'அறிவுசார் சொத்து' என்று சொல்லி நிறுத்தினால் ஆகாது. முன்கூட்டி வெளியானால் போட்டியில் என்ன நஷ்டம் என்று விளக்கணும்.

பேட்டிக் குறிப்பில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். உடனே 8(1)(ஜி) என்று எழுதிவிடுவார்கள். அது உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரும்போதும், சட்டம் ஒழுங்கு, பாதுகாப்பு வேலைக்கு ரகசியமாகத் தகவல் தந்தவரைக் காக்கவும்தான். சாதாரணப் பேட்டிக்கு ஒட்டாது. பெயர் வெளிவராது என்று ஒப்புதல் படிவத்தில் உறுதி கொடுத்திருந்தால் அதன் நகலை இணைத்து 8(1)(இ) (நம்பிக்கையின் பேரில் ஒப்படைத்த தகவல்), 8(1)(ஜே) (தனிப்பட்ட தகவல்) இரண்டையும் கோருங்கள். குறைந்தபட்சம் பெயரும் ஊரும் நீக்கப்படும்.

மின்னஞ்சல் மலைபோல் இருக்கிறது என்பது மறுக்கக் காரணம் ஆகாது. 7(9) தகவலைத் தரும் வடிவத்தை மாற்றத்தான் உதவும்.

கரோல்பாக்_காப்பி:
முக்கியமானது ஒன்று விட்டுப்போச்சு. இனிமேல் ஒரு மின்னஞ்சலைக்கூட அழிக்கக் கூடாது. கேட்ட தகவலை அழித்தால் அபராதம் விதிக்கும் பிரிவு 20 பாயும்.

மயூர்விகார்_மாமி:
வக்கீல் சார், 8(1)(ஜே)யை இவ்வளவு தாராளமாக நீட்டவேண்டாம். முன்பு பொதுப் பணியோடு சம்பந்தமில்லாத, அல்லது அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடுகிற தனிப்பட்ட தகவலுக்குத்தான் அது பொருந்தும். 2025 நவம்பரில் திருத்தம் அமலான பிறகு 'தனிப்பட்ட தகவல்' என்ற ஒற்றைச் சொல்தான் மிச்சம். இன்று பேராசிரியர் பிடிக்கிற அதே குடையை நாளைக்கு நிர்வாகமும் பிடிக்கும்: தேர்வுக் குழு மதிப்பெண் கேட்டால் தனிப்பட்டது, விசாரணை அறிக்கை கேட்டால் தனிப்பட்டது. அப்போது ஆசிரியர் கையில் மிஞ்சுவது 8(2)இன் பொதுநலன் வாதம் மட்டும்தான்.

அமெரிக்காவில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் 2014இல் ஒரு காலநிலை விஞ்ஞானியின் மின்னஞ்சல்களைக் காப்பாற்றியது. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கென்று ஒரு விலக்கு அந்த மாநிலச் சட்டத்திலேயே இருந்ததால் முடிந்தது. நம் சட்டத்திலும் கேட்கவேண்டியது அப்படி ஒரு வரியைத்தான்.

முனிர்கா_முருங்கை:
அலுவலர் கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தால்?

ஆர்கேபுரம்_வக்கீல்:
முடிவை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்கணும். அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் 19(2)இன் கீழ் முதல் மேல்முறையீடு, கட்டணம் இல்லை. அதற்கடுத்து 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். அது உங்க முனிர்காவிலேயே இருக்கு, ஆட்டோ செலவு மிச்சம்.