மறு: ஏரி ஆகாயத்தாமரை - ஜேசிபி வசூல் பத்தி

எல்லாருக்கும் வணக்கம்.

நம்மூர் ஏரிய மூடிக்கிடக்கிற ஆகாயத்தாமரைய ஜேசிபி வச்சு வார பணம் வசூல் பண்ணலாம்னு செல்வம் அண்ணன் போட்ட மடல பார்த்தேன், துபாய் பசங்க அதுக்குள்ள வசூலே ஆரம்பிச்சிட்டாங்களாம், சந்தோஷம். என் பங்கு கண்டிப்பா உண்டு. ஆனா ரெண்டு நாள் ஜேசிபி விட்டு வாரிட்டு போட்டோ போடுறதோட முடிக்கிறதா இருந்தா வேணாம்ணே, அடுத்த கார்த்திகைக்குள்ள ஏரி திரும்ப பச்சையா மூடிக்கும்.

ஆகாயத்தாமரைய ஒண்ணு புடுங்கி கையில வச்சு பாருங்க. காம்பு உப்பலா, உள்ள பூரா காத்து, அடியில கருப்பா வேர் கொத்து தொங்கும், பக்கவாட்டுல ஒரு கொடி ஓடி அது நுனியில குட்டிச்செடி ரெடியா நிக்கும். கொடி அறுந்துச்சுன்னா அந்த குட்டி தனியா மிதந்து போயி அதுவும் குட்டி போட ஆரம்பிச்சிடும், தண்ணில சத்து இருந்தா ரெண்டு வாரத்துல ரெட்டிப்பாயிடும், இது போக விதை வேற சேத்துக்குள்ள வருஷக்கணக்கா உசுரோட கிடக்கும். தென் அமெரிக்கா செடி, அங்க அத தின்ன கூன்வண்டு மாதிரி பூச்சி இருக்கு, இங்க இயற்கையா கிடையாது. 1980கள்ல அந்த கூன்வண்ட பெங்களூர் பக்கம் கொண்டாந்து விட்டாங்கதான், ஆனா அது வேலை செய்ய பல வருஷம் ஆகும், கோடையில காஞ்சு போற நம்ம ஏரிக்கு அத நம்பி உக்கார முடியாது.

சத்து எங்கேர்ந்து வருதுன்னு யாரும் பேசல. மேல் வயல் யூரியா பாதி, புதுத்தெரு சாக்கடை பாதி. அந்த சாக்கடைய நேரா ஏரில விடாம ஒரு குழி வெட்டி தேக்குறதுக்கு வசூல்ல ஒரு பங்கு ஒதுக்கணும், இல்லன்னா நாமளே எரு போட்டு வளர்த்துட்டு நாமளே கூலி குடுத்து வார்ற கதைதான்.

வேலை பங்குனி சித்திரையில, தண்ணி இறங்கினப்புறம் நடக்கணும். மழைக்கு முன்னாடி அவசரமா வாரினா பாதி மதகுலயும் உபரித்தண்ணி வழியிற கலிங்கல்லயும் போய் அடைச்சுக்கும், 2015 வெள்ளத்துல என்ன ஆச்சுன்னு ஊர்ல இருந்தவங்கள கேளுங்க. வாரினத உடனே லாரில ஏத்தாதீங்க, அதுல பத்துல ஒம்போது பங்கு தண்ணிதான், தண்ணிக்கு வாடகை குடுத்த மாதிரி ஆயிடும். கரைக்கு வெளிப்பக்கம் கொட்டி நல்லா காயவிட்டு அப்புறம் எடுக்கட்டும். உள்பக்க சரிவுல போட்டா முதல் மழைக்கே திரும்ப ஏரிக்குள்ள போயிடும்.

ஏரி ஓரம் புதரா மண்டுற நெய்வேலி காட்டாமணக்கு வேற கேஸ். ஜேசிபி அத துண்டு துண்டா ஒடிச்சு சேத்துல மிதிச்சு விட்டுட்டு போகும், ஒவ்வொரு துண்டும் வேர் விட்டுக்கும். ஆள் வச்சு வேரோட புடுங்கி காய வச்சு கொளுத்தணும், நூறு நாள் ஆளுங்களுக்கு இந்த வேலைய குடுப்பாங்களான்னு தலைவர்கிட்ட கேக்கலாம். ஆடு அத தின்னா தள்ளாடி தள்ளாடி நோவுல விழும், அதனால பச்சையா கரையில போட்டு வைக்கக் கூடாது. சீமைக்கருவேலம் கரிக்கு வெட்டுறவன் அடிக்கட்டைய விட்டுட்டு போயிடுவான், அது தழைச்சு முன்ன விட மோசமா வரும், கட்டையும் தோண்டி எடுத்தாதான் காசுன்னு முதல்லயே பேசிடணும்.

களைக்கொல்லி அடிக்கலாம்னு ஷார்ஜாவுலேர்ந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு. வேணாம்பா. செடி மொத்தமா செத்து தண்ணிக்குள்ள அழுகினா ஆக்சிஜன் போயி மீன் மிதக்கும், மீன் ஏலம் எடுத்தவரு நம்ம வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு, மாடு வேற அந்த தண்ணியத்தான் குடிக்குது.

இன்னொண்ணு, பச்சையா தெரியிறத எல்லாம் வழிச்சுடாதீங்க. சம்பு, கோரை, அல்லி இதெல்லாம் நம்மூர் செடி. நாமக்கோழி, தாழைக்கோழி கூடு கட்டுறதே சம்புக்குள்ளதான். வடக்கு மூலைய அப்படியே விட்டுடணும்னு ஜேசிபிக்காரர்கிட்ட கயிறு கட்டியே காட்டணும், வாய்ல சொன்னா மறந்துடுவாரு.

அனுமதி விஷயம்: ஆயக்கட்டு, அதாவது ஏரித்தண்ணி பாயுற நிலம், 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத்துறை, கீழ இருந்தா ஊராட்சி ஒன்றியம். நம்ம ஏரி எதுலன்னு மாமா ஒருதடவை ஆபீஸ்ல கேட்டு சொல்லிட்டா மனு நான் டைப் பண்ணி அனுப்புறேன். பணத்துல பாதிய இப்ப செலவு பண்ணுவோம், மீதி பாதி அடுத்த ரெண்டு கோடைக்கும் முளைச்சு வர்றத பொறுக்க கூலி ஆளுக்கு. இதுக்கு ஒத்துக்கிறவங்க பதில் போடுங்க, செல்வம் அண்ணன் கணக்கு ஆரம்பிக்கட்டும்.

அன்புடன்,
கீழத்தெரு ரவி, சிங்கப்பூர்